மூன்றாம் முறை

காராமணி அடிப்பிடித்த வாசனை கூடம் வரை வந்த பிறகுதான் வயலெட்டுக்கு அடுப்பு நினைவு வந்தது. ஓடிப்போய் இறக்கினாள். மேலாக இருந்ததை மட்டும் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றினாள். புருஷன் நயீம் இருந்திருந்தால் அடியைச் சுரண்டித் தின்றுவிட்டு, இதுதான் ருசி என்று சொல்லியிருப்பார். சுரைக்காய் வெந்துவிட்டது. பேரீச்சை கழுவியாகிவிட்டது. மாதுளை உதிர்க்க வேண்டும். சாயங்காலம் எருசலேம் முழுக்கப் பண்டிகைச் சங்கு ஊதினால் பழைய வருஷம் முடிந்து யூதர்களின் புது வருஷம் பிறந்துவிடும். அதற்குள் மேல்வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும். 

மேலே பியானோ கேட்டது. மேல்வீட்டு ஜீனாவின் மாணவி யாரோ ஒரே வரியில் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுந்துகொண்டிருந்தாள்.

ஜீனாவின் தாய் தாஷ்கண்டிலிருந்து வந்த மூன்றாம் வருஷம் இறந்துபோனாள். துக்க வாரப் பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்று ஜீனா படியிறங்கி வந்து நயீமிடம் கேட்டாள். இந்தக் கட்டடத்தில் ஆள் திரட்டுவது எப்போதும் அவர்தான். படிக்கட்டில் நாலு பேர் நிற்க, "உங்கம்மா யூதச்சிதானாங்கறதே சந்தேகம். அதுக்குப் பத்துப் பேர எங்கேர்ந்து கூட்டிட்டு வர?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மழையில் மருந்துக்கு ஓடுகிறவர். அன்று அவர் வாயில் அது வந்தது. யாரும் மேலே போகவில்லை. அவருக்குப் பின்னால் நின்றிருந்த வயலெட், காய்கறிப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

சொன்னது உறுத்தியிருக்க வேண்டும். போன வருஷம் இதே மாதத்தில் மன்னிப்புக் கேட்க இரண்டு முறை படியேறிப் போனார். இரண்டு முறையும் கதவு திறக்கவில்லை. மனிதருக்குச் செய்த பாவத்துக்கு மன்னிப்பை அந்த மனிதரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும் என்பது விதி. இரண்டு முறை மறுத்தால், மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு மூன்றாம் முறை போக வேண்டும்; அப்போதும் மறுத்தால் கேட்டவர் மேல் குற்றமில்லை. முட்டிவலி குறையட்டும் என்று தள்ளிப்போட்டார். மழைக்காலத்தில் ஒரு நாள் குளியலறையில் விழுந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. நாளைக்கு மேலோகத்தில் ஒவ்வொருவருக்கும் தீர்ப்பு எழுதும்போது அவர் பெயருக்கு நேராக என்ன எழுதுவார்கள்? அவர் விட்டுப்போன மூன்றாம் முறையை அவருக்காகத் தானே போய் முடிப்பதென்று வயலெட் தீர்மானித்திருந்தாள்.

ஜெபாலயத்தில் காலைப் பிரார்த்தனை முடிந்து, நிறைவேறாத பொருத்தனைகளிலிருந்து ஒருவரையொருவர் விடுவிக்க மூவர் மூவராக உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேரை நயீமின் தம்பி ஸசோன் இழுத்து வந்திருந்தான். ஒருவர் மீன் கடை எஸ்ரா. இன்னொருவர் அதிகம் பேசாத மூக்குக்கண்ணாடிக்காரர். மூவரும் பண்டிகைக்கென்று கறுப்புத் தொப்பி போட்டிருந்தார்கள்.

"மூணு மாடியா?" எஸ்ராவுக்கு மூச்சு வாங்கியது. "ஏற வெச்சே எங்க பாவத்துல பாதியக் கழிச்சுட்டீங்க, வயலெட்டம்மா."

"மீதியத் தராசுல கைய வெக்காம இருந்து கழி," என்றான் ஸசோன். "அண்ணி, நீங்க தட்டுங்க."

பியானோ நின்றது. கதவு திறந்தது. ஜீனா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வயலெட்டைப் பார்த்தாள். பிறகு பின்னால் பார்த்தாள். மூன்று தொப்பி, மூன்று தாடி, ஸசோன் கையில் மன்னிப்பு வாசகம் எழுதிய காகிதம். அவள் முகம் வெளுத்துப்போனது.

"திரும்பவுமா?" என்றாள் ஜீனா. "நாங்க யூதங்கதான்னு எல்லாக் காகிதமும் குடுத்துட்டேனே. அம்மாவோட சான்றிதழ், பாட்டி கல்லறை போட்டோ எல்லாம் குடுத்தேன். என் பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி மதக் கோர்ட்டுல இப்படித்தான், மேசைக்கு அந்தப் பக்கம் மூணு பேரு. வெள்ளிக்கிழம உங்கம்மா என்ன சமைப்பாங்கன்னு கேட்டாங்க. அத வெச்சு யூதச்சியான்னு முடிவு பண்ணுவாங்களாம். இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"இல்லம்மா, நாங்க அந்த ஆளுங்க இல்ல, நாங்க வந்தது..."

ஸசோன் முடிப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே சங்கிலி மாட்டும் சத்தம் கேட்டது.

கீழே இறங்கி வந்ததும் எஸ்ரா கையைத் தட்டிக்கொண்டார். "அவ்ளோதான். மூணாவது தடவயும் ஆச்சு. இனிமே நயீம் மேல குத்தமில்ல."

"கேக்கவே இல்லயே," என்றார் கண்ணாடிக்காரர்.

"கேக்கத்தான வந்தோம்? கதவ மூடினது யாரு?"

"சட்டப்படி முடிஞ்சது, அண்ணி," என்றான் ஸசோன். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "நிம்மதியாச் சமைங்க. ராத்திரி நாங்க வரோம்."

அவர்கள் போனார்கள். மாதுளையைப் பிளந்து உதிர்க்க உட்கார்ந்தாள். நயீமை விடுவித்தாயிற்று. ஆனால் திரும்பவுமா என்ற அந்தக் குரல் காதிலேயே இருந்தது. மன்னிப்புக் கேட்கப் போய் ஒரு பெண்ணை அவள் வீட்டு வாசலிலேயே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறோம். சாறு முழங்கை வரை வழிந்ததைக் கவனிக்காமல் மேலே காது கொடுத்தாள். ஒரு சத்தமும் இல்லை. இதே மாதிரி ஒரு மௌனத்தை முன்பும் கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. எப்போது? நயீமுக்காகத் துக்கம் காத்துத் தரையில் உட்கார்ந்திருந்த ஏழு நாளும். ஒரு நாள்கூடப் பியானோ கேட்கவில்லை.

கையைக் கழுவினாள். பண்டிகைக்கு முன் ஏற்ற நயீமுக்காக வாங்கிய நினைவு விளக்கு மெழுகு நிரப்பிய கண்ணாடிக் குவளை; அதே மாதிரி இன்னொன்றும் அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தனியாகப் படியேறினாள்.

"நான் மட்டுந்தான், ஜீனா. வேற யாரும் இல்ல."

நெடுநேரம் கழித்துச் சங்கிலி நீளத்துக்குக் கதவு திறந்தது. பாதி முகம் தெரிந்தது.

"அவரு பேசினது தப்பு. பின்னால நின்னுக்கிட்டு நான் சும்மா இருந்தது தப்பு. இன்னிக்கு அவங்களக் கூட்டிட்டு வந்தது..." வயலெட் கதவிடுக்கை நெருங்கினாள். "என் வீட்டுத் துக்கத்துல நீ பியானோவத் தொடல. எனக்கு இப்பத்தான் உறைச்சுது."

"பிள்ளைங்கள வர வேண்டாம்னுட்டேன்," என்றாள் ஜீனா. "கீழ நல்லாக் கேக்கும்னு தெரியும்."

"உங்கம்மா பேரு என்ன கண்ணு?"

"இத்தன வருஷம் கழிச்சுக் கேக்கறீங்க."

"ஆமா."

"பாஸ்யா."

"யாரோட மக?"

ஜீனாவின் பாதி முகம் இறுகியது. "இதுவும் விசாரணையா?"

"ஐயோ, இல்லம்மா!" வயலெட் பதறிப்போய்க் குவளையைத் தூக்கிக் காட்டினாள். "விளக்கேத்தறப்ப தாய் பேரச் சேத்துச் சொல்லணும். அதுக்குத்தான்."

ஜீனா குவளையைப் பார்த்தாள். "பெய்லாவோட மக. ஆனா எனக்கு ஏத்தத் தெரியாது. எங்க ஊர்ல அரசாங்கத்துக்குப் பயந்துக்கிட்டு யாரும் ஏத்தினதில்ல."

"ஒண்ணுமில்ல. சங்கு ஊதறதுக்கு முன்னாடி பத்த வெச்சுட்டாப் போதும்." இன்னும் ஒரு வார்த்தை நாக்கின் நுனியில் நின்றது. "ஜீனா, அவர..."

"வயலெட்டம்மா, அந்த வார்த்தய மட்டும் இன்னிக்கு என்கிட்ட கேக்காதீங்க."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. உள்ளே சங்கிலியைக் கழற்றும் சத்தம் காதில் விழுந்ததா இல்லையா என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. படிக்கட்டு ஜன்னல் விளிம்பில், தூசி படிந்த கல்மேல், குவளையை வைத்துவிட்டு இறங்கினாள்.

வெயில் எதிர்க் கட்டடத்தின் மாடிச்சுவரை விட்டு ஏறிப்போனது. மேஜை விரித்தாள். நயீம் உட்காரும் இடத்திலும் தட்டு வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தாள். அவருடைய குவளைமுன் தீக்குச்சியோடு நின்றாள். உரசக் கை வரவில்லை. குச்சியைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்து, சுவரைப் பற்றிக்கொண்டு படியேறினாள்.

ஜன்னல் விளிம்பில் குவளை இல்லை. தூசியில் அது இருந்த இடம் மட்டும் வட்டமாக, சுத்தமாகத் தெரிந்தது. ஜீனாவின் கதவு மூடியிருந்தது. குனிந்து, கதவடியில் விளக்கு வெளிச்சம் ஏதும் அசைகிறதா என்று பார்த்தாள். தூரத்தில் சங்கு ஊதத் தொடங்கியது.