கொசுக்கள் தூக்கிப்போன வீடு

கொசுக்கள் அந்த வீட்டைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குழாயில் தண்ணீர் நின்ற பிறகு. வீட்டுக்காரர் நகராட்சியில் கொசுப் புகை அடிப்பவர். ஊரையே புகைய வைத்த மனுஷன் சொந்த வீட்டுப் பக்கம் மட்டும் மெஷினைத் திருப்பியதில்லை. புகை பட்டால் மனைவிக்கு மூச்சு இழுக்கும். கொசுக்களுக்கு இது தெரியாமல் போகுமா? அவர் எந்தத் தெருவுக்குப் போனாலும் அந்தத் தெருக் கொசுக்கள் கிளம்பி நேரே அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

வந்தவை சும்மாவா இருந்தன? நாலைந்து வருஷத்தில் குட்டை, சாக்கடையெல்லாம் மறந்தே போயின. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டில் முட்டையிட்டு, கட்டிலுக்கடியில் தூங்கி, ரீங்காரத்தையும் விட்டொழித்தன. சீரியலில் யாராவது அழும்போதுதான் கடிக்கும். அப்போதுதானே வீட்டில் ஒருத்தரும் கையை அசைப்பதில்லை! என்ன மூளை பாருங்கள்.

அந்த வருஷம் மனைவிக்கு ஏழாம் மாதம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தங்கிய பிள்ளை. அந்த நேரம் பார்த்தா தெருவில் டெங்கு வரவேண்டும்? எதிர் வீட்டில் குடும்பமே படுத்துவிட்டது. மனுஷன் புகை மெஷினை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். புகையும் போட முடியாது, சும்மாவும் இருக்க முடியாது.

"ஏங்க, புகைதானே ஆகாது? தண்ணியக் கொட்டுங்க, போதும்!" என்றாள் அவள்.

அட, இத்தனை வருஷம் இது தோன்றவே இல்லையே! குடம், வாளி, பூந்தொட்டித் தட்டு என்று எல்லாவற்றையும் வாசலில் கவிழ்த்தார். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று மேற்பார்வை பார்த்தாள். கடைசியாக ஃபிரிட்ஜ் தட்டோடு அவர் வெளியே வந்ததுதான் தாமதம், உள்ளே அத்தனை கொசுவும் ஒரேயடியாக ரீங்கரித்தன. தண்ணீர் இல்லாமல் இருக்க முடியாது. வீடு இல்லாமல் வாழவும் தெரியாது. ஆகவே வீட்டையும் எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிக் கிளம்பின. ஆடுகிற பல் மாதிரி அஸ்திவாரம் நெகிழ்ந்து வந்தது.

"ஐயோ, அடுப்புல பால் இருக்குங்க!"

"பால் போனாப் போகுது, நீ இந்தப் பக்கம் வா!"

வீடு மின்கம்பியைத் தாண்டியதும் தெருவே விசிலடித்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, தட்டும் கையுமாகக் குதித்தார்.

காய்ச்சல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெண் குழந்தை கொழுகொழுவென்று பிறந்தது. அதே மனையில் வேறு வீடு கட்டிக்கொண்டார்கள். பழைய வீடு மழை மேகங்களில் மொட்டைமாடித் தொட்டியை நிரப்பிக்கொண்டு மேலேயே இருக்கிறது. கீழே இறங்கும் எண்ணமே கொசுக்களுக்கு இல்லை. வெயில் நாளில் மத்தியானம் அதன் நிழல் வாசலில் விழும். அவள் பாயை நிழலுக்கு இழுத்துப் போட்டுப் பிள்ளையைத் தூங்க வைப்பாள்.