கொழுந்து வெளியான தேதி

தம்பியின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் நாகலெட்சுமி. முடிச்சு விழவில்லை. உயிரோடு இருந்தபோதும் அவன் சொன்ன பேச்சுக்கு வளைந்தவன் இல்லை என்று நினைத்துக்கொண்டே இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினாள்.

செருப்போடு ஒருவன் உள்ளே வந்து நின்றான். கசங்காத வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கொழும்பிலிருந்து வந்த சாருஜன். பெயரைத் தம்பி சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். பார்த்ததுமே பிடிக்கவில்லை.

கஜேந்திரன் நேற்றுப் பகல் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டான். நாற்பத்தாறு வயது. கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் அக்காவின் ஒற்றை அறைக் காம்பரா, அதில் ஒரு மூலை, அதில் ஒரு மேசை, மேசை மேல் ஒரு கம்ப்யூட்டர். அந்தச் சனியனைக் கண்டாலே நாகலெட்சுமிக்கு ஆகாது.

தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு யார் யாரோ கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர்கள் வந்து சேரும். கடையில் விற்கிற சிஸ்டம் எதுவும் அவற்றில் ஓடாது. யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று உலகத்துக்குத் திறந்துவிட்டிருந்த ஒரு சிஸ்டத்தை அவன் எடுத்தான். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற மாதிரி வேண்டாததையெல்லாம் வெட்டினான். தமிழை ஏற்றினான். செத்துக் கிடந்த கம்ப்யூட்டர்கள் ஓடின. கொழுந்து என்று பெயர் வைத்து எல்லோருக்கும் சும்மா கொடுத்தான். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், செய்தவன் பேரை மட்டும் அழிக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம் என்று ஒருநாள் அக்காவிடம் சொன்னான். பேரை வைத்து நாக்கு வழிக்கவா என்று அவள் கேட்டாள்.

சாருஜன் இரண்டு வருடம் கழித்து அதில் வந்து சேர்ந்தவன். இப்போது கொழுந்தை வைத்துத்தான் கொழும்பில் கம்பனி நடத்துகிறான். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று தம்பி சிரித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அக்கா, இந்த நேரத்தில கேக்கக் கூடாதுதான். ஒரு கையெழுத்து மட்டும் போட்டுத் தாங்கோ" என்றான் சாருஜன்.

"செருப்பக் கழட்டுங்க மொதல்ல."

அவன் கழற்றிவிட்டு வந்தான். அடுத்த மாதம் வெளிநாட்டில் ஒரு விழா, கொழுந்து எப்படிப் பிறந்தது என்பதை அங்கே பதிவு செய்கிறார்களாம். கஜன் இரண்டு வருடமாக இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்துவிட்டான், இனி உரித்துக்காரி அக்காதான் என்றான். பிணத்துக்கு இன்னும் தண்ணீர் கூட வார்க்கவில்லை. நாகலெட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காகிதத்தை அவள் தொடவில்லை. ஹட்டனில் மருந்துக்கடையில் வேலை செய்யும் மகள் தனுஜாதான் வாங்கி, இங்கிலீசில் இருந்ததைத் தமிழில் சொன்னாள். கொழுந்தின் முதல் பதிப்பை சாருஜனும் கஜேந்திரனும் சேர்ந்து, வெள்ளவத்தையில் சாருஜனின் அறையிலிருந்து வெளியிட்டார்கள். தேதி, இரண்டாயிரத்தேழு ஜூன் பதினாறு.

"தேதிய இன்னொருக்காப் படி."

தனுஜா படித்தாள். படிக்கும்போதே அவளுடைய முகமும் மாறியது. அந்தத் தேதி சுவரில் பாட்டியின் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது.

நாகலெட்சுமி எழுந்தாள். வெளியே தப்படிக்கிறவர்கள் தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கு எங்கம்மாவப் பொதைச்ச நாளு" என்றாள். "ஒத்த மகன் இவன்தான். காலையில ஹட்டனுக்குப் போனான், கொழுந்த வெளியில அனுப்பணும், கொமினிகேசன் கடையில இன்டர்நெட் லைன் சொல்லி வச்சிருக்கேன், திங்கக்கெழம பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும், ஒரு மணிக்குள்ள வந்துருவேன்னு. லைன் அந்துபோச்சாம். திரும்ப மொதல்ல இருந்து அனுப்புனானாம். நாங்க அம்மாவப் பாதை பிரியிற முக்குல எறக்கி வச்சிட்டு, பஸ்ஸப் பாத்துக்கிட்டு மழையில நின்னோம். அவன் வந்தப்ப மண்ணு மூடியாச்சு. வீரய்யா மாமாதான் மொத மண்ணு போட்டாரு."

சாருஜன் குரலைத் தாழ்த்தினான். காகிதத்தில் அது ஒரேயொரு வசனந்தானே என்றான். "கஜன் இருந்தாலும் ஒண்டும் சொல்லியிருக்க மாட்டான் அக்கா."

"அவன் சொல்ல மாட்டான். அவனுக்கு வாயில்ல." அவளுடைய குரல் உடைந்தது, அதற்கும் சேர்த்து அவளுக்குக் கோபம் வந்தது. "மூணு வருசம் அவன்கிட்ட நான் பேசல. அதுக்கப்புறம் பதினஞ்சு வருசமா சோறு போடுறப்பல்லாம் இதச் சொல்லித்தான் ஏசுனேன். ஒரு நாளும் எதுத்துப் பேசல. நீங்க இப்ப அவன் கொழும்புல ஒங்க ரூம்ல இருந்தான்னு எழுதிக்கொண்டாந்திருக்கீங்க. அப்ப நான் இத்தன வருசமா ஏசுனது யார?"

தோட்டத்து ஆட்கள் எல்லோரும் வாசலில் கூடிவிட்டிருந்தார்கள். அன்றைக்கு முக்கில் நனைந்தவர்களில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். தனுஜா காகிதத்தை மடித்துக் கவருக்குள் வைத்து அவனிடம் நீட்டினாள்.

பெட்டியைத் தூக்குகிற நேரத்தில் சாருஜன் முன்னால் வந்து தோள் கொடுக்கப் பார்த்தான். அவனுக்கும் அழுகை வந்திருந்தது. அது பொய்யழுகையாகத் தெரியவில்லை. அதனால் மனம் இளகுகிற நிலையில் நாகலெட்சுமி இல்லை.

"வேணாங்க. ஆள் இருக்கு" என்றாள்.

தப்பு முன்னே போக, தேயிலை மலைக்கு நடுவே பெட்டி இறங்கியது. முக்கு வந்ததும் இறக்கி வைத்தார்கள். மூன்று சுற்றுச் சுற்றி வந்து தலைமாட்டைத் திருப்பினார்கள். அதற்கு மேல் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. ஆண்கள் தூக்கிக்கொண்டு மயானப் பாதையில் ஏறினார்கள். தனுஜா வந்து கையைப் பிடித்தாள். வீடு கழுவ வேண்டும், குளிக்க வேண்டும், வாங்கம்மா என்று கூப்பிட்டாள்.

"நீ போ. நான் வர்றேன்."

பெண்கள் திரும்பி நடந்தார்கள். நாகலெட்சுமி மட்டும் முக்கிலேயே, கீழே ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். ஹட்டனிலிருந்து வருகிற பஸ் வந்து நின்றது. நோர்வூட்டுக்கு மருந்தெடுக்கப் போய்வந்த ஒரு கிழவரும், மாவுப் பையோடு ஒருத்தியும் இறங்கினார்கள். கதவு சாத்தப்பட்டு பஸ் கிளம்பியது.

அது வளைவில் மறைந்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள்.