வெர்லினின் முட்டி சொன்ன சாட்சி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். நெப்ராஸ்கா மக்காச்சோளத்தின் மேலும் என் பல்செட்டின் மேலும் ஆணை.

என் சிநேகிதன் வெர்லின் குசேரா பாராசூட் படையில் இருந்தவன். ஆள் பாரத்துக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு குதித்துக் குதித்து, அவன் பாதம் இரண்டும் சப்பையாகிவிட்டன. ஈரமண்ணில் நடந்தால் வாத்து போன தடமென்று நாய்கள் பின்தொடரும். முட்டியை மடக்கினால் எழும் சத்தத்துக்கு மான்கள் அடுத்த மாவட்டத்துக்கே ஓடிவிடும்.

இது பட்டாளத்தில் வந்த ஊனம் என்று அரசாங்கம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

தப்பு வெர்லினுடையதுதான். பரிசோதனைக்குப் பூட்ஸைப் பளபளவென்று துடைத்து மாட்டிக்கொண்டு, அணிவகுப்பு போல் நடந்து போயிருக்கிறான். "எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்க, "குறை ஒண்ணுமில்ல சார்!" என்று முழங்கியிருக்கிறான். நடை இயல்பு என்று டாக்டர் எழுதிவிட்டார். பட்டாளத்தில் இருந்தபோதும் அவன் கால்வலி என்று மருத்துவரிடம் போனதே இல்லை. போகிறவனை ஓபியடிக்கிறவன் என்பார்கள்.

மேல்முறையீடு செய்தோம். படைவீரர் மன்றத்தின் வாசலில், கார்கள் நிற்கும் இடத்தில், நான் அவனுக்கு நடை பழக்கினேன்.

"டேய், நடிக்கச் சொல்லல. வீட்ல யாரும் இல்லாதப்ப எப்படி நடப்பியோ அப்படி நட."

"நீ பாத்துக்கிட்டு நிக்கிறியே."

"சரி, திரும்பிக்கிறேன். போ."

திரும்பிக்கொண்டு கார்க் கண்ணாடியில் பார்த்தேன். ஒவ்வொரு வண்டியாகப் பிடித்துப் பிடித்து, பனியில் வழுக்கும் கிழட்டு மாடு மாதிரி வந்தான். நான் திரும்பியதும் விறைத்து நின்றுவிட்டான்.

"உன் பெண்டாட்டிக்குத் தெரியுமா?"

"ஆர்டிஸ் கடைக்குப் போனப்புறம்தான் மாடிப்படி இறங்குவேன். உக்காந்து உக்காந்து. அவகிட்ட வாயத் திறந்தே, உன் பல்செட்ட ஏரில வீசிருவேன் கிழவா."

விசாரணை நாள் வந்தது. நீதிபதி ஓர் அம்மாள். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தான். முட்டி வெடித்த வெடிப்பில் சுருக்கெழுத்துக்காரி நிமிர்ந்து, "இப்ப சொன்னது சரியாக் கேக்கல, திருப்பிச் சொல்லுங்க" என்றாள்.

"அது அவன் முட்டிம்மா" என்றேன். அதையும் சாட்சியத்தில் ஏற்றிக்கொண்டாள்.

நீதிபதி சிரித்துவிட்டு, "இன்னைக்கு எப்படி இருக்கீங்க, மிஸ்டர் குசேரா?" என்றார்.

வெர்லினின் நெஞ்சு நிமிர்ந்தது. வாய் திறந்தது, மூடிக்கொண்டது.

"வலிக்குதும்மா" என்றான். "குதிச்ச காலத்துலேருந்து வலிக்குது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அவர் ஒருதடவைதாம்மா கேட்டாரு."

பட்டாளம்தான் காரணம் என்று அங்கேயே சொல்லிவிட்டார் நீதிபதி. வெளியே வரும்போது வெர்லின் எல்லோரும் பார்க்க நொண்டிக்கொண்டே வந்தான். வாசலில் காத்திருந்த ஆர்டிஸ் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டான்.

ஆனால் அந்த விசாரணைக்கு நாள் குறித்துத் தகவல் வந்ததே, வெர்லினைப் புதைத்த இடத்தில் புல் முளைத்த பிறகுதான்.