வெளிப்பக்கக் கொண்டி

முரசுமோட்டையில் யோகலிங்கத்தாரின் முற்றத்தில் அன்று இருந்தவர்கள் இவர்கள்: யோகலிங்கத்தார், அவருடைய மனைவி இராசேஸ்வரி, வீடற்றவர்களுக்காக நெளுக்குளத்தில் நடக்கும் ஆதரவு இல்லத்திலிருந்து வந்த தாட்சாயினி. படலைக்கு வெளியே, உள்ளே வர மறுத்து, தடியூன்றி நின்றவர் யோகலிங்கத்தாரின் தம்பி சிவகரன். இயக்கத்தில் இருந்தபோது ஒரு காலை இழந்தவர். இரண்டு மாரியாகக் கிளிநொச்சிச் சந்தைக் கடைத் தாழ்வாரங்களில் படுப்பவர்.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. யோகலிங்கத்தார் கதிரையில் இருப்பதும் எழும்புவதுமாக இருந்தார். உழவு இயந்திரத்தை நிறுத்தாமலே வந்திருந்தார். அது வளவு மூலையில் இரைந்துகொண்டு நின்றது.

“ஐயா, ஒரு அறைதான் மிச்சம். சாப்பாடு, காலுக்கு வைத்தியம், மனம்விட்டுக் கதைக்க ஆள், எல்லாம் இருக்கு. இவருக்கு இருக்க இடமில்லையெண்டு வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னால், இண்டைக்கே கூட்டிக்கொண்டு போவன்,” என்றாள் தாட்சாயினி.

“இடமில்லையோ? ஆரைப் பாத்துக் கேக்கிறியள், பிள்ளை? இரணைமடுத் தண்ணி பாயுற வயல்காரர் நாங்கள். எங்கட குடும்பத்தில வீடில்லாதவன் இல்லை. அவனுக்கு இஞ்ச அறை கிடக்கு.”

“அப்ப ஏனண்ணை நான் சந்தையில நாயளோட படுக்கிறன்?” படலையடியிலிருந்து சிவகரன் கேட்டார்.

“உனக்குக் கொழுப்பு!”

தாட்சாயினி எழுந்தாள். “இடமிருந்தால் நான் அடுத்த ஆளிட்டப் போகவேணும், ஐயா. அறையை ஒருக்கால் பாக்கலாமோ?”

மறுத்தால் மானம் போகும். அவரே முன்னே நடந்தார். அறையில் யூரியா உரப் பைகளுக்கு நடுவே ஒரு பாய் விரிக்க இடமிருந்தது. அவள் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தாள்.

“கொண்டி வெளியிலயெல்லோ இருக்கு. உள்ளுக்கால பூட்ட ஒண்டையும் காணேல்லை.”

யோகலிங்கத்தார் சால்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். இராசேஸ்வரிதான் சொன்னாள்: “மகளைப் பொம்பிளை பாக்க வந்த அண்டு இவர்தான் தம்பியை உள்ளுக்கு விட்டுப் பூட்டினவர். சத்தம் போட்டுக் காரியத்தைக் கெடுத்துப்போடுவானெண்டு. பின்னேரம் திறக்கேக்க, பாவம், சுவரோட ஒட்டிக்கொண்டு நடுங்கினான். அண்டைக்கு வெளிக்கிட்டவன்தான்.”

“நீ வாயை மூடு!” என்று சீறியவர், தம்பியைத் திரும்பிப் பார்த்தார். சிவகரனின் முகத்தில் கோபம் இருக்கவில்லை.

“அங்க தாற அறையை உள்ளுக்கால பூட்டலாமாம், அண்ணை. பூட்டுத் திறப்பும் என்ர கையில இருக்குமாம்.”

யோகலிங்கத்தார் விறுவிறென்று போய் உழவு இயந்திரத்தை நிறுத்தினார். வளவு அமைதியானது. திரும்பி வந்தவர் நிமிர்ந்து நின்றார்.

“பிள்ளை, என்ர தம்பிக்கு இருக்க இடமில்லை. கூட்டிக்கொண்டு போங்கோ.”

வீடில்லாதவனுக்கு வீடு கேட்பதால் எந்தக் குடும்பமும் தாழ்ந்துவிடாது. வீடு இருக்கிறதென்று பொய் சொல்லி, அவனைத் தெருவில் கிடக்கவிடுவதுதான் குடும்பத்துக்கு இழுக்கு.

அடுத்த கிழமை சங்கக் கடையில் ஒரு கதை ஓடியது. காணிக்கு ஆசைப்பட்டு யோகலிங்கத்தார் தம்பியை எங்கேயோ கொண்டுபோய் அடைத்துவிட்டாராம். அரிசிப் பையை நிலத்தில் வைத்துவிட்டு அவர் சொன்னார்:

“அடைச்சது என்ர வீட்டில. அங்க அவன் குடியிருக்கிறான். திறப்பு அவனிட்ட.”