சன்னாரியின் வணக்கம்

விடியும் முன்பே ஆடச் சொல்வதுதான் எங்கள் தொழிலில் பெரிய கொடுமை. மதியம் ஒளிபரப்பாகப் போகும் பாட்டை, சியோல் நகரம் கண் விழிப்பதற்குள் பதிவுசெய்து முடித்துவிடுவார்கள். கீழே ரசிகைகள் குளிரில் வரிசை கட்டி நின்றார்கள். மேலே ஒப்பனை அறையில் நாங்கள் நால்வரும் முழங்காலில் வலிப்பட்டை ஒட்டிக்கொண்டிருந்தோம். கற்பூர நெடியும் சூட்டில் முடி கருகும் நாற்றமும் ஒன்றாக அடித்தன.

கியூரியின் முழங்கால் வீங்கிக் கிடந்தது. நேற்று ஒத்திகையில் உயர்மேடையைச் சரியாகப் பூட்டாமல் விட்டார்கள்; அது சரிந்ததும் அவளும் விழுந்தாள்.

"மடக்கிப் பாருடி" என்றேன்.

மடக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆடிடுவேன், போராம்" என்றாள். போராம் என்பது என் பெயர்.

மற்ற நாளில் எங்கள் அறை மீன் சந்தை போல இருக்கும். இப்போது ஒரு மாதமாக ஆளுக்கொரு கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, கண்ணாடிக்குள்ளேயே மற்றவள் முகத்தை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தோம். காரணம் இல்லாமல் இல்லை. இன்றோடு நிறுவனத்துடன் எங்கள் ஒப்பந்தம் முடிகிறது. சன்னாரி என்ற எங்கள் குழுவின் பெயர் நிறுவனத்தின் சொத்து. மறுபடி கையெழுத்துப் போடுகிறவள்தான் சன்னாரி. போடாதவள் அந்தப் பெயரையும் சொல்லக்கூடாது, பாட்டையும் பாடக்கூடாது. நாலில் ஒருத்தி விலை போனால் போதும். அவளோடு மூன்று புதுப் பெண்களைச் சேர்த்துக் கடையைத் தொடர்ந்து நடத்தலாம்.

முதலாளி ஹ்வாங் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கள்ல ஒருத்தி போட்டுட்டா. யாருன்னு சொல்ல மாட்டேன். நீயும் போட்டுடு" என்றார். நான் போடவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கமும் இல்லை.

யாரைச் சந்தேகப்படுவது? மாபோ வட்டாரத்தில் ஒரு பாதாள அறையில், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பங்கு போட்டுத் தின்று ஆடக் கற்றவர்கள் நாங்கள். கல்லூரி மைதானம், ராணுவ முகாம், கொட்டும் மழை என்று இருபது வருடம் ஆடினோம். வண்டியில் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கினோம். இப்போது அந்தத் தோள்களில் எது என்னை விற்றது என்று கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. கடைக்குட்டி தாஹே போன வாரம் ஹ்வாங்கின் காரிலிருந்து இறங்கினாள். கியூரி மாடிப்படியில் நின்று ரகசியமாகத் தொலைபேசியில் பேசுகிறாள். தலைவி சொன்ஜு அக்கா வாயே திறப்பதில்லை. சே, என்ன பிழைப்பு இது என்று எனக்கே வெறுத்துவிட்டது.

பதிவுக்கு முன் நிகழ்ச்சி இயக்குநரின் அறைக்குப் போய் வணக்கம் சொல்வது இங்கே வழக்கம். எவ்வளவு பெரிய குழுவானாலும் தப்ப முடியாது. வழியில் சின்னப் பெண்களின் குழு ஒன்று எங்களை மறித்து இடுப்பு வளையக் குனிந்தது. "அக்கா, உங்க ஆட்டத்தைப் பார்த்துத்தான் நாங்க ஆடக் கத்துக்கிட்டோம்" என்றாள் ஒருத்தி. நன்றி சொல்லிவிட்டு நடந்தோம்.

இயக்குநரின் வாசலில் வரிசையாக நின்றோம். தலைவி "ரெண்டு, மூணு" என்று எண்ணுவாள். நால்வரும் குனிந்து, உள்ளங்கைகளைப் பூவாக விரித்து, ஒரே மூச்சில் "வணக்கம், நாங்கள் சன்னாரி" என்போம். எண்ணினாள். சொன்னோம். தாஹேயின் குரல் மட்டும் வரவில்லை. இருபது வருடம் கேட்ட காதுக்கு அது தெரியாதா?

அறைக்குத் திரும்பியதும் கதவைச் சாத்தினேன்.

"என்னடி, பேரைச் சொல்ல வாய் வரலையோ? கையெழுத்துப் போட்ட கை வலிக்குதா?"

தாஹே என்னை முறைத்தாள். "கேட்டுக்கிட்டு இருந்தேன்க்கா. போட்டவளுக்கு 'நாங்கள்'னு சொல்றப்போ தொண்டை இடறும்ல? அது யாருன்னு பார்த்தேன். மூணு பேரும் சுத்தமா சொல்றீங்க. நல்லாத்தான் நடிக்கிறீங்க."

"அவர் கார்ல வந்தவ பேசற பேச்சா இது?" என்றாள் கியூரி.

"கூப்பிட்டாரு, போனேன். ஒருத்தி போட்டுட்டா, நீயும் போடுன்னாரு. இறங்கி வந்துட்டேன்."

கியூரியின் கை பட்டையோடு அப்படியே நின்றது. "என்கிட்டயும் அதையேதான் சொன்னாரு. மாடிப்படியில வக்கீல் ஒருத்தர்கிட்ட அதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

நானும் சொன்னேன். பிறகு மூவரும் சொன்ஜு அக்காவைப் பார்த்தோம். அவள் எண்ணுவாள், நாங்கள் தொடங்குவோம். மூத்தவளைக் கேள்வி கேட்டு எங்களுக்குப் பழக்கமில்லை.

"நீங்க போட்டீங்களாக்கா?" என்றாள் தாஹே.

"இல்லை. ஒரு மாசமா ஒருத்தியும் ஏண்டி இதைக் கேக்கலை?" என்ற சொன்ஜு அக்காவின் குரல் உடைந்தது. "நான்தான் போட்டேன்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. போட்டவளும் இல்லை என்றுதானே சொல்வாள்?

கியூரியின் உடையில் ஊசி குத்திக்கொண்டிருந்த கும்ஹி நிமிர்ந்தாள். எங்கள் பின்னால் ஆடும் பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி.

"ஒண்ணு சொல்றேன். சொன்னா என் வேலை போயிடும், அதான் முழுங்கிக்கிட்டு இருந்தேன். மூணு புதுப் பொண்ணுங்களுக்கு உங்க ஆட்டத்தைக் கத்துக்குடுக்கச் சொல்லியிருக்காங்க."

"யாரோட இடத்தை விட்டுட்டுக் கத்துக்குடுக்கற?" என்றேன்.

"யாரோட இடத்தையும் விடலை. மூணு பேரும் நாலு இடத்தையும் பழகணுமாம். பாவம், எங்க நிக்கறதுன்னு தெரியாம ஒண்ணோட ஒண்ணு முட்டிக்குதுங்க."

புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஒருத்தி உண்மையிலேயே போட்டிருந்தால் அவள் இடத்தை எதற்குப் பழக வேண்டும்? எவள் விழுவாள் என்று அந்த ஆளுக்கே தெரியாது. யாரும் போடவில்லை.

தாஹே தரையில் உட்கார்ந்து விசும்பினாள். "சந்தேகப்பட்டுட்டேனே உங்களை" என்றாள். "நாங்க மட்டும் என்ன யோக்கியமா, எழுந்திரு, மை கரையுது" என்று கியூரி அவள் தலையில் குட்டினாள்.

அந்த நேரம் பார்த்துக் காபிக் கோப்பைகளோடு ஹ்வாங் உள்ளே வந்தார். "குழந்தைங்களா, சூடா குடிங்க." நாற்பதைத் தொடும் பெண்களை அவர் இன்னும் அப்படித்தான் கூப்பிடுவார்.

சொன்ஜு அக்கா எழுந்தாள். "எங்கள்ல போட்டது யாரு சார்?"

அவர் கண் நாலு முகத்தையும் தடவிவிட்டு நகர்ந்தது. "அதை அவங்களே சொல்லணும்."

"சொல்லிட்டோம். ஒருத்தியும் போடலை. போட்டா நாலு பேரும் சேர்ந்து போடுவோம், இல்லேன்னா யாரும் இல்லை. பேர்ல எங்களுக்கும் உரிமைன்னு எழுதணும். கும்ஹி வேலையில கை வைக்கக் கூடாது. இனி யாரையும் தனியா கூப்பிடாதீங்க."

"உங்களைத் தூக்கி விட்டது யாருன்னு மறந்து போச்சா?"

"நேத்து விழுந்தப்போ தூக்கினது கும்ஹி, சார்" என்றாள் கியூரி. "நீங்க வரலை."

அவர் முகம் சுருங்கியது. "சரி. அப்போ இப்பவே பழகிக்கோங்க. மேடையில அந்தப் பேரை நீங்க சொல்லக்கூடாது. சொன்னா மைக்கை அணைக்கச் சொல்லிடுவேன். அது என் சொத்து."

அவர் போனதும் தாஹே மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு கோப்பையை எடுத்தாள். "காபி என்ன பாவம் பண்ணிச்சு?" ஒரு மாதம் கழித்து அன்றுதான் நால்வரும் சேர்ந்து சிரித்தோம்.

மேடையில் விளக்கு எரிந்தது. ரசிகைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு காலத்தில் பள்ளிச் சீருடையில் வந்து கத்தியவர்கள். இன்று ஒருத்தி வங்கிச் சீருடையில், ஒருத்தி மருத்துவமனைச் செருப்போடு. இது முடிந்ததும் எல்லோரும் வேலைக்கு ஓட வேண்டும். பின்னால் நிற்க வேண்டிய கும்ஹியும் அவள் பெண்களும் முன்னால் வந்து எங்களோடு ஒரே வரிசையில் நின்றார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

"ரெண்டு, மூணு" என்றாள் சொன்ஜு அக்கா.

குனிந்தோம். "வணக்கம், நாங்கள்" என்றோம். தாஹேயின் குரல்தான் முதலில் வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டு, உள்ளங்கைகளை விரித்தபடி நின்றோம்.

ஒரு சத்தமும் இல்லை. போச்சு, இவர்களுக்குப் புரியவில்லை என்று என் சந்தேகப் புத்தி சொன்னது. பக்கத்தில் கும்ஹி கரகரவென்று "சன்னாரி" என்றாள். வங்கிச் சீருடைக்காரி எழுந்து சொன்னாள். பிறகு அரங்கம் முழுக்க எழுந்து நின்று சொன்னது. அவர்கள் யார் கையிலும் அணைப்பதற்கு மைக் இல்லை. எனக்குக் கண்ணீர் மறைத்தது.

மேலே கண்ணாடி அறைக்குள் ஹ்வாங் தொலைபேசியில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். நாளை வழக்கு வரும், பாட்டு கையை விட்டுப் போனாலும் போகும். கியூரியின் கால் நடுங்கியது. தாஹே அவள் இடுப்பில் கை கொடுத்துத் தாங்கினாள்.

சொன்ஜு அக்கா எண்ணுவதற்கு வாயெடுத்தவள் நிறுத்தினாள். எங்கள் பக்கம் திரும்பி, கும்ஹியின் பெண்களையும் ஒருமுறை பார்த்தாள்.

"ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டாள்.

இருபது வருடத்தில் அவள் எங்கள் சம்மதத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. "எண்ணுங்கக்கா" என்றோம்.