பெக்குவேக்குப் போன இரண்டு பேர்

தனியாகப் போகிறேன் என்றால் அம்மா விடமாட்டாள். அது விதுஷாவுக்கு நன்றாகத் தெரியும். வயது முப்பத்து நாலு, கண் வைத்தியசாலையில் நல்ல வேலை. இருந்தும் லண்டன் குட்மேய்ஸ் வீட்டுக்குள் அவள் இன்னமும் சின்னப் பிள்ளைதான். கூட வருவதாகச் சொன்ன சிநேகிதிகள் இருவரும் இரண்டு வருடமாக இழுத்தடித்தார்கள். ஒரு மாசி மாத மழையில், பஸ்ஸுக்குள் நனைந்தபடியே, கரீபியன் கடலில் பெக்குவே என்ற குட்டித் தீவுக்கு அவள் தனக்கு மட்டும் ஒரு டிக்கெட் போட்டுவிட்டாள். அன்றிரவே பெனிற்றா பிறந்தாள்.

"ஆர் உந்தப் பெனிற்றா?" வெங்காயம் அரிந்துகொண்டே தவநாயகி கேட்டாள்.

"என்னோட வேலை செய்யிறவ அம்மா. மன்னார்ப் பிள்ளை. வேதக்காரர், சேர்ச்சுக்குப் போறவை."

"நல்ல பிள்ளையோ?"

"தங்கமான பிள்ளை."

"உறைப்புச் சாப்பிடுமோ?"

"ஓம், நல்லாச் சாப்பிடுவா."

பயணத்துக்கு முதல் நாள் பருத்தித்துறை வடை இரண்டு பைகளில் வந்து சேர்ந்தது. "ஒண்டு உனக்கு, ஒண்டு அந்தப் பிள்ளைக்கு. பார்க்க வைச்சுச் சாப்பிடாதை, என்ன?" என்றாள் தவநாயகி. விதுஷா இரண்டு பைகளையும் பெட்டிக்குள் வைத்தாள்.

விமானம் மாறி, கப்பல் ஏறி, சாம்பல் நிறமான லண்டன் கண்ணுக்குள்ளிருந்து மறைவதற்குள் பெக்குவே பச்சையாக எழுந்து நின்றது. விடுதிக்காரி எர்னா, அறுபது வயது மனுசி, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, பின்னேரம் சாப்பாட்டுக்குப் போகும்வரை.

கடற்கரைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் பெண் சிரித்துக்கொண்டு, "ஒராளா?" என்று கேட்டாள்.

"இல்லை, சிநேகிதி வருவா," என்று விதுஷாவின் வாய் தானாகச் சொன்னது.

மேசையில் இரண்டு கிளாஸ் வந்தது. எதிரே வெறும் கதிரை. பக்கத்து மேசைகளில் சோடி சோடியாகச் சிரிப்பு. மீன் பொரியல் வந்ததும் அந்தப் பெண், "உங்கட சிநேகிதிக்கு ஒன்றும் இல்லையே?" என்று கவலையோடு கேட்டாள். தலையிடி என்று இன்னொரு பொய். அம்மாவுக்குச் சொன்ன பொய்க்காவது ஒரு காரணம் இருந்தது. முன்பின் தெரியாத இவளுக்கு ஏன் சொன்னேன்? மீனின் ருசி தெரியாமலே சாப்பிட்டு எழும்பினாள்.

விடிந்ததும் கோபம் வந்தது, தன் மேலேயே. எர்னாவிடம் வழி கேட்டு, குன்றைத் தாண்டி மற்றப் பக்கக் கடலுக்கு நடந்தாள். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. கொஞ்சத் தூரம் நீந்திவிட்டு மல்லாந்து மிதந்தபோது ஒரு ஆமை பக்கத்தில் தலையை நீட்டி, மூச்சு விட்டுப் போனது. "ஐயோ பார், பார்!" என்று அவள் தமிழில் கத்தினாள். யாரும் பார்க்கவில்லை. அது ஒரு குறையாகவே படவில்லை.

அன்று பின்னேரம் பரிமாறும் பெண் வாயைத் திறக்குமுன், "ஒராள்தான்," என்றாள். கடலுக்குக் கிட்டின மேசை கிடைத்தது.

அம்மாதான் மிச்சமிருந்தாள். தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் பெனிற்றாவைக் கேட்பாள், பெனிற்றா குளித்துக்கொண்டிருப்பாள்.

"என்ன பிள்ளை, அவள் மூண்டு நாளா முழுகிறாளோ?"

விதுஷா கட்டிலில் உட்கார்ந்தாள். "அம்மா, பெனிற்றா எண்டு ஒருத்தரும் இல்லை. நான் தனியத்தான் வந்தனான்."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப அந்த வடையை ஆர் சாப்பிட்டது?"

"நான்தான். மிச்சம் எர்னாவுக்குக் குடுத்தனான். விடுதிக்காரி."

"உந்த எர்னாவும் பொய்யோ?"

விதுஷா குசினிக்கு ஓடி, கையில் மாவோடு நின்ற எர்னாவின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தாள். எர்னா அசரவில்லை. உங்கள் மகள் சத்தமில்லாதவள், ஆனால் வடிவாகச் சாப்பிடுகிறாள் என்றாள்; அந்த வடைக்கு எவ்வளவு மிளகாய் போடுவது என்றும் கேட்டாள். தவநாயகி தன் ஆங்கிலத்தில் நீண்ட நேரம் விளக்கினாள். பிறகு மகளைக் கேட்டாள்.

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பீங்களோ?"

"விட்டிருக்க மாட்டன்." தவநாயகியின் குரல் உயர்ந்தது. "ஏதும் நடந்திருந்தா நான் ஆரைத் தேடுறது? அந்தப் பெனிற்றாவையோ?"

"சொறி அம்மா," என்றாள் விதுஷா.

"சரி, சரி. கடலுக்குள்ள கனதூரம் போகாதை."

திரும்பி வந்த வெள்ளிக்கிழமை இருவரும் மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போனார்கள். விதுஷாவின் வெயிலில் கறுத்த முகத்தைப் பார்த்ததும் சற்குணம் அன்ரி பிடித்துக்கொண்டாள். "ஆரோட பிள்ளை போனனி?"

"கூட வேலை செய்யிற..." என்று தவநாயகி தொடங்கினாள்.

"தனியத்தான் அன்ரி," என்றாள் விதுஷா.

"தனியவோ! பயமாயிருக்கேல்லையோ?"

"முதல் நாள் இருந்தது."

தவநாயகி சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள். "என்ன பயம்? அங்க எர்னா எண்டு எங்களுக்குத் தெரிஞ்ச மனுசி இருக்கிறா."

வெளியே தூறல். பஸ் தரிப்பில் விதுஷாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எப்பயிருந்து தெரிஞ்ச மனுசி?"

"நேற்றும் கதைச்சனான்," என்றாள் தவநாயகி, குடையை விரித்தபடி. "அவவின்ர மகளுக்குக் கலியாணமாம்."