மீன் தண்ணீர் குடித்த கன்றுகள்

வேலியோரம் நின்ற யூகலிப்டஸ் கன்றுகளில், வளரக்கூடாத வரிசையில் சில வளர்ந்திருந்தன. நடுக்கோடையில் வந்த கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலை யோகா அதைத்தான் முதலில் கண்டாள்.

பல்கலைக்கழகக் கண்ணாடிக்கூடத்தின் குளிரூட்டி பழுதாகிவிட்டதால், அவள் தன் ஆராய்ச்சிக் கன்றுகளைத் தொட்டிகளோடு, புறநகரான குவேக்கர்ஸ் ஹில்லில் தான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கே கொண்டுவந்திருந்தாள். நெடுஞ்சாலைப் புகையிலிருந்து மழையோடு காட்டில் இறங்கும் நைட்ரஜன் இளங்கன்றுகளை என்ன செய்கிறது? அதுதான் அவளுடைய கேள்வி. ஒரு வரிசைக்கு நைட்ரஜன் கலந்த நீர் தாராளமாக, அடுத்ததற்குக் கொஞ்சமாக, மூன்றாவதற்கு நைட்ரஜன் சேராத வெறும் நீர். மூன்றாவது வரிசை காட்டு மணலில் எப்படி வளருமோ அப்படியே குட்டையாக, சாம்பல் பூத்து நிற்க வேண்டும். அதோடு வைத்துப் பார்த்தால்தான் மற்ற இரண்டுக்கும் அர்த்தம் உண்டு. கடைசியில் எல்லாவற்றுக்கும் தண்ணீரை நிறுத்தி, எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். மார்ச்சில் உதவித்தொகை முடிகிறது. அதற்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

இப்போது அந்த மூன்றாவது வரிசையில் சில கன்றுகள் மட்டும் கரும்பச்சையாய்த் தளதளவென்று நின்றன. அவள் குனிந்து மண்ணை மோந்து பார்த்தாள். மீன் வாடை.

"அன்ரி, இதுகளுக்கு என்ன ஊத்தினீங்கள்?"

வீட்டுக்காரி இரஞ்சிதம் அன்ரி குசினி வாசலில் முகமெல்லாம் பூரிப்போடு நின்றார். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் வேலை பார்ப்பவர். ஊரில் தண்ணீர்க் கட்டுப்பாடு வந்ததிலிருந்து அரிசி களைந்ததோ மீன் கழுவியதோ ஒரு சொட்டையும் வீணாக்காமல் வாளியில் சேர்த்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றுவார்.

"மீன் கழுவின தண்ணிதான் பிள்ளை. பாத்தனியே, என்ன வடிவா வந்திட்டுதுகள்! நீ மற்றதுகளுக்குச் சத்துத்தண்ணி குடுக்கிறாய். இதுகளை மட்டும் பட்டினி போடுறாய். மாற்றாந்தாய்கூட இப்பிடிச் செய்யமாட்டாள்."

"இந்த வரிசை முழுக்க ஊத்தினீங்களோ?"

"சீச்சீ, நல்லா நிண்டதுகளுக்கு என்னத்துக்கு? நோஞ்சானுகளாப் பாத்துத்தான் ஊத்தினனான்."

யோகா ஊற்றியவற்றையும் ஊற்றாதவற்றையும் எண்ணிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சிலவற்றுக்கு ஊற்றியிருந்தால்கூட, மிச்சத்தை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். அன்ரி நலிந்தவற்றைத் தேடித்தேடி ஊட்டியிருக்கிறார். அப்படியானால் மிஞ்சி நிற்பவை எல்லாம் முதலிலேயே திடமானவை. அவற்றை மட்டும் அளந்து எழுதினால் அது பொய்.

அன்ரியின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "பிழை விட்டிட்டனோ?"

"ஓம் அன்ரி."

"அப்ப அதுகளைப் பிடுங்கி எறிஞ்சிட்டு மிச்சத்தை வைச்சு எழுது. நான் வாய் திறக்கமாட்டன். ஆருக்குத் தெரியப்போகுது?"

அந்தச் சொல் நெஞ்சுக்குள் இதமாக இறங்கியது. அதுதான் யோகாவுக்குப் பயமாக இருந்தது. அவள் எதையும் பிடுங்கவில்லை. ஆய்வை வழிநடத்தும் பேராசிரியருக்கு எதையும் சொல்லவும் இல்லை. திட்டமிட்டபடியே எல்லா வரிசைக்கும் தண்ணீரை நிறுத்தினாள். ஒருவேளை வித்தியாசம் எதுவுமே தெரியாமல் போகலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புத்தாண்டு அன்று வெயில் நாற்பத்துநான்கைத் தொட்டது. காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் வீசியது. மதியத்துக்குள் நைட்ரஜன் குடித்து வளர்ந்த நெட்டைக் கன்றுகள் தலையைத் தொங்கப்போட்டன. மேலே அகன்ற மெல்லிய இலைகள்; கீழே அவற்றுக்குப் போதாத வேர்கள். உணவு தேடி ஆழம் போகவேண்டிய தேவையே அவற்றுக்கு இருக்கவில்லை. மீன் தண்ணீர் குடித்தவையும் அப்படியே சாய்ந்தன. பக்கத்திலேயே அழகில்லாத குட்டைக் கன்றுகள் இலைகளை வெயிலுக்கு ஓரம் காட்டி அசையாமல் நின்றன.

அவள் இரண்டு வருடமாகச் சொல்லிவந்தது இதுதான். கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. இதை எழுதினால் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கமாட்டார்கள்.

"பிள்ளை, சாகுதுகளடி!" அன்ரி வாளியோடு ஓடிவந்தார். "ஒரு சொட்டு விடட்டே?"

"வேண்டாம் அன்ரி."

"கண்ணுக்கு முன்னால துடிக்கவிட்டுப் பாக்கிற படிப்பும் ஒரு படிப்போ? ஆஸ்பத்திரியில இருந்து வாற எனக்கு இதைப் பாக்கேலாது."

யோகா உள்ளே போனாள். தொலைபேசியில் பேராசிரியரின் எண்களை அழுத்தினாள். அவர் கடற்கரையில் இருந்தார். அலைச் சத்தத்துக்கு நடுவே வாழ்த்துச் சொன்னார். அவள் மீன் தண்ணீரைப் பற்றிச் சொன்னாள். எந்தெந்தக் கன்றுகளுக்கு ஊற்றப்பட்டது, ஏன் அவற்றுக்கு மட்டும் என்பதையும் சொன்னாள். அவர், அப்படியென்றால் இந்தக் கோடை போய்விட்டது, அடுத்த கோடையில் முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான் என்றார். உதவித்தொகையை நீட்டிக்கக் கேட்டுப் பார்ப்பேன், நம்பி இருக்காதே என்றும் சொன்னார்.

அவள் வெளியே வந்தபோது அன்ரி வாளிப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"ஊத்துங்கோ அன்ரி."

"உண்மையாவோ?"

"ஓம். இனி இதுகள் வெறும் கன்றுகள்தான். எல்லாத்துக்கும் ஊத்துங்கோ."

அன்ரி நோஞ்சானுகளிடம்தான் முதலில் ஓடினார். யோகா செம்பை எடுத்துக்கொண்டு மறுகோடியிலிருந்து ஊற்றத் தொடங்கினாள். காய்ந்த மண் தண்ணீரை உடனே வாங்காமல் ஓரத்தால் வழியவிட்டது.

"நாளைக்கு இதுகள் நிமிர்ந்திடுங்கள், என்ன?" என்றார் அன்ரி.

யோகா ஒரு நெட்டைக் கன்றின் நுனிக் குருத்தைத் தொட்டாள். அது அப்பளம்போல் விரலுக்குள் நொறுங்கியது. அவள் அடுத்த கன்றுக்குச் செம்பைச் சரித்தாள்.